ஒலிப்பதிவுக் கூடத்தின் நாட்குறிப்பும் பாஞ்சாலங்குறிச்சிப் பாட்டும்



பாஞ்சாலங்குறிச்சி மண்ணில் கூடியிருக்கும் கவிஞர்களிடையே ஓர் ஆங்கில நூலைப் பற்றிப் பேசுவது, அதிலும் இங்கிலாந்து நாட்டு ராக் இசைக்குழு ஒன்றின் ஒலிப்பதிவு வேலைகளைப் பதிந்துவைத்த நூலைப் பற்றிப் பேசுவது, சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இந்த ஊரின் புகழ் ஏட்டால் பரவியதைவிடப் பாட்டால் பரவியதே மிகுதி. அந்தப் பாட்டை யார், எந்த நாளில், எந்தக் களத்தில், யாருடைய பக்கவாத்தியத்தோடு பாடினார் என்று கேட்டால் மட்டும் விடை கிடைப்பதில்லை. அக்கேள்விகளையே வரிக்கு வரி கேட்டு விடை தேடிய நூல் அது. ஆகவே அது இங்கே பேசத் தக்கதாகிறது.

நூலின் ஆசிரியர் மார்க் லூயிசோன். நூல் வெளிவந்த ஆண்டு 1988. லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் 1962 முதல் 1970 வரை பீட்டில்ஸ் குழுவினர் நிகழ்த்திய பதிவுகள் அனைத்தையும் நாள்வாரியாக எழுதிச் செல்லும் நூல் இது. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்னும் நால்வரைப் பற்றி வந்த நூல்களுக்குக் கணக்கில்லை. அவற்றுட் பல வாழ்க்கை வரலாறுகள். சில வெறும் வம்புகள். லூயிசோனின் நூல் அவ்விரு வகையிலும் அடங்காது. கூடத்தின் காப்பகத்தில் அடுக்கப்பட்டிருந்த மூல ஒலிநாடாக்களைக் கேட்கும் வாய்ப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. நாடாக்களைக் கேட்டு, நாடாப் பெட்டிகளின் மேல் எழுதப்பட்டிருந்த குறிப்புகளையும் கூடத்தின் பதிவுத் தாள்களையும் ஒப்புநோக்கி, பொறியாளர்களையும் இசைஞர்களையும் நேரிற் கண்டு கேட்டு, அவர் இதை எழுதினார். சுவடி ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்களின் உழைப்பை அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இம்முறை புதியதன்று.

ஒரு பாடலை ஒருமுறை பதிவுசெய்து பார்ப்பதை ஒலிப்பதிவுக் கூடங்களில் 'டேக்' என்பர். சென்னைத் திரைப்படக் கூடங்களிலும் அதே சொல்தான் வழக்கு. ஒவ்வொரு டேக்குக்கும் ஓர் எண் உண்டு. சுவடிப் பதிப்பாசிரியர் 'பாடம்' என்று சொல்வதற்கு இது மிக அணுக்கமானது. ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபடுவது போலவே டேக்குக்கு டேக் பாட்டும் வேறுபடுகிறது. வேறுபாடு ஒன்றுண்டு. பழைய சுவடியில் எது முந்தியது, எது பிந்தியது என்று ஊகிக்க வேண்டும். ஒலிநாடாவில் எண்ணே அதைச் சொல்லிவிடுகிறது.

நூல் காட்டும் நாள்களுட் சிலவற்றைப் பார்க்கலாம். 1963 பிப்ரவரி 11. குழுவின் முதல் இசைத்தட்டுத் தொகுதியில் இடம்பெற்ற 14 பாடல்களுள் 10 பாடல்கள் அந்த ஒரே நாளில் பதிவாயின. காலை பத்து மணிக்குத் தொடங்கிய வேலை இரவு பதினொரு மணியை நெருங்கும்போது முடிந்தது. கூடத்துப் பணியாளர்கள் மதிய உணவுக்கு வெளியே சென்று திரும்பியபோது, நால்வரும் உணவுக்குச் செல்லாமல் பாலைக் குடித்துக்கொண்டு ஒத்திகை செய்துகொண்டிருந்தனராம். லெனனுக்கு அன்று கடுஞ்சளி. தொண்டை இற்றுப்போகும் என்பதால் உரக்கக் கத்திப் பாட வேண்டிய பாடல் கடைசிக்கு ஒதுக்கப்பட்டது. அதன் முதல் டேக்கே இசைத்தட்டில் இடம்பெற்றது. இன்று அப்பாடலைக் கேட்போர் அந்தக் கரகரப்பைக் கலைநயம் என்று பாராட்டுகிறார்கள். அது சளியும் பதின்மூன்று மணி நேர உழைப்பும் சேர்ந்து விளைவித்த குரல் என்று தெரிந்தபின் பாராட்டு குறைவதில்லை. இன்னும் கூடுகிறது என்றே சொல்ல வேண்டும்.

மூன்றே ஆண்டுகளில் வேலைமுறை முற்றும் மாறிவிடுகிறது. 1966 நவம்பரில் தொடங்கிய 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' என்னும் பாடல் டிசம்பர் வரை நீண்டது. மென்மையான வடிவம் ஒன்று, பெருவாத்தியங்களோடு கூடிய வன்மையான வடிவம் ஒன்று என இரண்டு உருவாயின. லெனனுக்கு ஒன்றன் தொடக்கமும் மற்றதன் முடிவும் பிடித்திருந்தன. இரண்டின் சுருதியும் வேறு, காலமும் வேறு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் பொறியாளரும் நாடாவின் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் இரண்டையும் இசையச் செய்து, ஏழாம் டேக்கையும் இருபத்தாறாம் டேக்கையும் ஒட்டிவிட்டனர். ஏறத்தாழ ஒரு நிமிடம் கழிந்த இடத்தில் அந்த ஒட்டு இருக்கிறது. தெரிந்தவர் செவிக்கு மட்டுமே அது கேட்கும். எழுதி முடித்த இரு கவிதைகளின் பாதிகளைச் சேர்த்து ஒரு கவிதை ஆக்கியவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை என்பதே வேறுபாடு.

1967 ஜனவரியில் 'எ டே இன் தி லைஃப்' பாடல் தொடங்கியபோது அதன் நடுவில் எதைப் போடுவது என்று எவருக்கும் தெரியவில்லை. அதனால் 24 தாளச் சுற்றுகளை வெறுமையாக விட்டனர். உதவியாளர் மால் எவன்ஸ் அவற்றை உரக்க எண்ணினார். எண்ணி முடிந்ததை அறிவிக்க ஓர் அலாரக் கடிகாரம் ஒலித்தது. பிப்ரவரி 10ஆம் நாள் 40 இசைஞர்கள் கொண்ட வாத்தியக் குழு வந்து அந்த வெற்றிடத்தை நிரப்பியது. கடிகார ஒலியை அழிக்காமல் விட்டுவிட்டனர். அதை அடுத்துவரும் பகுதி உறக்கத்திலிருந்து எழுவதைப் பற்றியதாக அமைந்ததால் பொருத்தமும் ஆயிற்று. யாப்பில் சீரைக் கணக்கிட்டு இடம்விட்டு, அடி முழுவதையும் முடித்தபின் அந்தச் சீருக்குரிய சொல்லைத் தேடுவது புலவர்க்குப் பழகிய வேலைதானே.

வென்ற பாடல்களை மட்டும் நூல் பேசியிருந்தால் அது புகழ்மாலையாகவே முடிந்திருக்கும். 1968 ஆகஸ்டில் ஹாரிசனின் 'நாட் கில்ட்டி' என்னும் பாடலுக்கு டேக் எண் 102 வரை சென்றது. அவ்வளவு உழைத்தும் அவ்வாண்டு வெளிவந்த இரட்டை இசைத்தட்டில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. 1996 வரை அப்பதிவு முறையாக வெளிவரவே இல்லை. நூல் அந்த நாள்களையும் விடாமல் எழுதுகிறது. தோற்ற பாட்டுக்கும் அதற்குரிய நாளைக் கொடுத்த நேர்மையே இந்நூலின் முதற்சிறப்பு எனலாம்.

இரண்டாவது சிறப்பு பெயர்களைத் தேடியது. குழுவின் முதல் இசைத்தட்டான 'லவ் மீ டூ' 1962 செப்டம்பரில் இருமுறை பதிவாயிற்று. 4ஆம் நாள் முழவடித்தவர் ரிங்கோ ஸ்டார். 11ஆம் நாள் ஆண்டி ஒயிட் என்னும் கூலிக்கலைஞர் அடித்தார். ரிங்கோவின் கையில் கஞ்சிரா போன்ற தம்போரின் தரப்பட்டது. கேட்பவர் இன்று இரண்டையும் வேறுபிரித்தறிய ஒரே வழி, தம்போரின் ஒலி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான். அந்நாள்களின் மூல நாடாக்கள் இன்று இல்லை. உலகப் புகழ்பெற்ற குழுவுக்கே இந்த நிலை. அச்சுக்கு அனுப்பியபின் கையெழுத்துப் படியைக் கிழித்தெறியும் வழக்கம் அங்கும் இருந்திருக்கிறது.

இந்திய இசைஞர்களின் கதை இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. 1966இல் ஹாரிசனின் பாடல் ஒன்றுக்குத் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயர் இசைத்தட்டின் உறையிலேயே அச்சாயிற்று. அடுத்த ஆண்டு, 1967 மார்ச்சில், 'விதின் யூ விதவுட் யூ' பாடலுக்குத் தில்ரூபா, தம்புரா, தபலா வாசித்தவர்கள் லண்டன் ஆசிய இசை வட்டத்தைச் சேர்ந்த இந்தியர்கள். உறையில் அவர்கள் பெயர் இல்லை. அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி என்னும் நால்வர் பெயரும் சேர்ந்து பலரறிய வெளிப்பட்டது 2017இல். இடையில் ஐம்பது ஆண்டுகள். அந்த இசைத்தட்டோ உலகம் முழுவதும் விற்றுக்கொண்டே இருந்தது. ஒலி தெளிவாக இருக்கிறது, ஒலித்தவர் பெயர் இல்லை என்னும் நிலைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நூலின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கூடத்தின் கதவுக்கு உள்ளே நிகழ்ந்ததை மட்டுமே அது அறியும். 'யெஸ்டர்டே' பாடல் 1965 ஜூன் 14ஆம் நாள் பதிவாயிற்று. மூன்று நாள் கழித்து நரம்பிசைக் கருவிகள் நான்கின் ஒலி சேர்க்கப்பட்டது. ஏடு தரும் செய்தி அவ்வளவே. மெட்டு மெக்கார்ட்னிக்கு ஒரு விடியற்காலை உறக்கத்தில் வாய்த்தது. சொல் அமையும்வரை முட்டைப் பொரியலைப் பற்றிய விளையாட்டுச் சொற்களை அதில் இட்டுப் பாடிக்கொண்டிருந்தார். நம் திரையிசையில் தத்தகாரம் செய்யும் வேலையை அந்த முட்டைப் பொரியல் செய்திருக்கிறது! பதிவேட்டில் அந்த விடியலுக்குப் பக்கம் இல்லை. பாட்டு பதிவான நாளை அறியலாம். பிறந்த நாள் பல வேளைகளில் பாடியவருக்கே தெரிவதில்லை. கவிஞர்கள் இதில் ஆறுதல் அடையலாம்.

இந்தப் பதிவு வழக்கம் மேலைநாட்டுக் கருவிகளோடு வந்ததன்று. பரிபாடலைத் திறந்து பார்ப்போர் பாட்டுகளின் கீழே உள்ள பழங்குறிப்புகளைக் காணலாம். பாட்டியற்றிய புலவர் கடுவன் இளவெயினனார், இசை வகுத்தவர் பெட்டனாகனார், பண் பாலையாழ் என்னும் முறையில் அவை அமைந்துள்ளன. இசை வகுத்தவர் வேறொருவராக, கண்ணனாகனாராக, இருக்கும்போது அதுவும் தனியே சொல்லப்படுகிறது. சொல்லுக்கு ஒருவர், இசைக்கு ஒருவர், பண்ணின் பெயர் என மூன்றையும் பிரித்தெழுத வேண்டும் என்ற அறிவு அன்றே இருந்திருக்கிறது. பண்டை எழுபது பாடல்களுள் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. பாட்டு அழிந்த இடங்களில் பெயரும் அழிந்தது. எஞ்சிய பாட்டுகளிலோ இசை முற்றும் மறைந்து, இசை வகுத்தவர் பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. பெட்டனாகனார் அமைத்த இசையை இன்று எவரும் கேட்க இயலாது. ஆனால் அவர் ஒருவர் இருந்தார் என்று தமிழ் மாணவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். லண்டன் தில்ரூபாக் கலைஞர்களுக்கு நேர்ந்ததற்கு இது நேர்மாறான நிலை.

இனி, இந்த ஊருக்கு வரலாம். 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து கோட்டையை மீண்டும் எழுப்பினான். மே மாதம் அது வீழ்ந்து தரைமட்டமாக்கப்பட்டது. இந்நாள்களெல்லாம் தெரிய வருவது கும்பினியார் கடிதம் எழுதிவைத்ததால். மேஜர் பானர்மனின் கடிதங்கள் இருக்கின்றன. முற்றுகையில் இருந்த வெல்ஷ் தம் போர் நினைவுகளை 1830இல் நூலாகவே வெளியிட்டார். சுட்டவர்களின் பெயரும் பதவியும் நாளும் ஐயமின்றிக் கிடைக்கின்றன. சுடப்பட்டவர்களின் கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. முத்துக்குளித்துறையின் கணக்கும் இதே போக்குடையது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரைசேர்ந்த சிப்பி நாள்தோறும் எண்ணப்பட்டது; ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டது. 1961இல் நடந்த கடைசிக் குளிப்பு வரை கணக்கின் பத்திகள் படகு, சிப்பி, விலை என்பவையே. படகு வலித்தவர்களின் அம்பாப் பாட்டுக்கு அங்கே பத்தி ஏது?

கட்டபொம்மு கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அதை வெளியிட்டது. அதற்கு முன் அறிஞர் பலர் தீண்டத் தயங்கிய நாட்டார் கதைப்பாடல்களைப் பல்கலைக்கழக வெளியீடாக்கிய துணிவு அவருடையது. 'ஆராய்ச்சி' இதழையும் நெல்லை ஆய்வுக் குழுவையும் நடத்தி ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கியவரும் அவரே. அவர் பணியைக் குறைசொல்வது நன்றியில்லாச் செயல். எனினும் பதிப்பு என்பது பாட்டின் சொல்லைக் காக்கும். பாடிய இரவைக் காக்காது. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்தின் வசனம் இசைத்தட்டாகி ஊர் ஊராக ஒலிபெருக்கியில் முழங்கியது. சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் வசனம், ஜி. ராமநாதனின் இசை, சிவாஜி கணேசனின் குரல் எனப் பெயர் சொல்லி அதைப் போற்ற முடிகிறது. அதே ஊர்களில் இரவு முழுதும் கண்விழித்துக் கதை பாடியவரை 'பாட்டுக்காரர்' என்ற பொதுச்சொல்லோடு விட்டுவிடுகிறோம்.

லூயிசோனின் நூல் வந்த அதே 1988ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க ஆய்வாளரின் வில்லுப்பாட்டு நூலும் வெளிவந்தது. தென்கோடித் தமிழகத்தில் தங்கி, கொடைவிழாக்களில் பாடப்பட்டதைக் கேட்டுப் பதிவுசெய்து, நிகழ்த்தப்பட்ட வடிவிலேயே அவர் பெயர்த்தெழுதினார். கதைமாந்தர் இறக்கும் கட்டத்தில் பாட்டின் விரைவு கூடுவதையும், அவ்வேளையில் கோமரத்தாடி மேல் தெய்வம் வந்திறங்குவதையும் அவர் பாட்டின் பகுதியாகவே கொண்டார். அச்சிட்ட கதைப்பாடலை மட்டும் படிப்போர்க்கு இது புலப்பட வழியே இல்லை. இரு நூல்களின் ஆசிரியர்களும் ஒருவரையொருவர் அறிந்திருக்கத் தேவையில்லை. ஒலிநாடாவைக் காதில் வைத்துக்கொண்டு எழுதினால்தான் பாட்டைப் பற்றி எழுத முடியும் என்று இருவரும் உணர்ந்திருந்தனர்.

ஆனால் லூயிசோனின் முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏழாம் டேக், இருபத்தாறாம் டேக் எல்லாம் ஒரே இறுதி வடிவத்தை நோக்கி நடப்பவை. இறுதி வடிவம் கிடைத்ததும் மற்றவை கழிவு. வில்லுப்பாட்டில் கழிவு என்பதே கிடையாது. ஓர் ஊரில் விரித்துப் பாடிய போர், இன்னோர் ஊரில் விடியல் நெருங்கிவிட்டால் சுருங்கும். கேட்போர் யார், கொடை நடத்துவோர் யார் என்பதற்கேற்பக் கதையின் அழுத்தம் மாறும். உடுக்கையும் குடமும் முந்தினால் சொல் பின்வாங்கும். அந்த இரவின் பாட்டு அந்த இரவுக்கு முழுமையானது. எனவே எது சிறந்த பாடம் என்று தேடி எண்ணிடுவது இங்கே பிழையாகும். ஒவ்வோர் இரவையும் தனிப்பாட்டாகக் கொண்டு எழுத வேண்டும். கூடத்தின் நாட்குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கவை எண்கள் அல்ல. நாளும் இடமும் பெயரும்.

கவிஞர்களிடமிருந்து ஒரு மறுப்பு எழக்கூடும். அடித்து எழுதியதையும் விலக்கியதையும் ஊரறியக் காட்டுவது எழுதியவருக்குச் செய்யும் தீங்காகாதா? நியாயமான கேள்விதான். அருகிலுள்ள எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் பாடல்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் பாட வேறுபாடுகளோடு ஆய்வுப் பதிப்பாக வெளியிட்டது, பதிப்பாசிரியர் ம. ரா. போ. குருசாமி. சீனி. விசுவநாதன் பாரதியின் படைப்புகளைக் காலவரிசைப்படுத்திப் பல தொகுதிகளாகத் தந்தார். அவற்றால் பாரதியின் பெருமை சிறிதும் குறையவில்லை. ஆயினும் பாரதி மறைந்தவர். அவரிடம் ஒப்புதல் கேட்க வழியில்லை. வாழும் கவிஞரின் கசங்கிய தாளை எடுத்து அச்சிடுவது வேறு. பீட்டில்ஸ் நூலின் தொடக்கத்தில் மெக்கார்ட்னியின் நீண்ட நேர்காணல் இடம்பெற்றுள்ளது. பதிவேட்டில் இடம்பெறுபவர் தாமும் அதில் பேசியிருக்கிறார். வில்லுப்பாட்டுக் கலைஞர்க்கும் அந்த உரிமை உண்டு. கேட்காமல் பதிவுசெய்வதும், பதிவுசெய்ததை அவருக்கு ஒருமுறையேனும் போட்டுக்காட்டாமல் விடுவதும் முறையாகா.

இன்று பதிவுக்கருவிக்குப் பஞ்சமில்லை. கொடைவிழாவில் எத்தனையோ கைகளில் கைப்பேசி உயர்ந்து நிற்கிறது. பதிவான பாட்டு சில நாள் உறவினரிடையே சுற்றிவிட்டு, பெயரும் நாளும் அற்ற வெறுங்கோப்பாகக் கிடந்து, கருவி மாறும்போது அழிந்துபோகிறது. முன்பு நாடா இல்லாமையால் இழந்தோம். இப்போது ஒரு வரி எழுதாமையால் இழக்கிறோம். இலக்கிய வட்டம் இங்கேதான் பயன்பட முடியும். இதற்குப் பல்கலைக்கழகப் பணமோ லண்டன் கூடமோ வேண்டியதில்லை. எண்பது பக்கத்துக் கோடிட்ட குறிப்பேடு ஒன்று போதும்.

அதில் எழுத வேண்டியவை சிலவே. நாள், ஊர், கோயில். வில்லின் முன் அமர்ந்து கதை சொன்னவர் பெயர், அவருக்குக் கற்பித்தவர் பெயர். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றுக்கு உரியவர்கள்; பின்பாட்டுப் பாடியவர்கள். கதை தொடங்கிய நேரம், நிறுத்திய இடங்கள், விடுபட்ட பகுதி. கட்டபொம்மு கதையாயின் ஊமைத்துரையின் பகுதி பாடப்பட்டதா, கயத்தாற்றோடு நின்றதா என்பதையும் குறிக்க வேண்டும். பாட்டு நடுவே மின்சாரம் நின்றுபோனால் அதையும் எழுதலாம். லெனனின் சளி எழுதப்பட்டிருக்கிறதே.

இவ்வட்டாரத்தில் அடுத்த கொடைக்கு நாள் குறித்தவுடன் அங்கே செல்ல இருவர் முன்வர வேண்டும். ஒருவர் கருவியைப் பார்த்துக்கொள்ளட்டும். மற்றவர் வில் கட்டும் முன்பே சென்று, குடம் அடிப்பவரின் பக்கத்தில் அமர்ந்து, அவருடைய பெயரை அவர் சொல்லும் எழுத்துகளிலேயே முதல் வரியில் எழுதிக்கொள்ளட்டும்.